பிரித்த தையலின் துளைகள்

தையல்காரிக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கூட்ட அறை வாசலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் சிரிப்பைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

“வருகைத் தாள்ல கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. அப்புறம் கூட்டமாயிடும்.”

“நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னா வேணா கூட்டமாகும்” என்றான் அவள் கணவன். பொதுமக்கள் என்று வந்திருந்தது அவர்கள் மட்டும்தான்.

அவளுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. செயற்கைக்காலில் மீதிக்கால் பொருந்தும் கிண்ணம் வியர்வையில் உரசிப் புண்ணாக்கும். அப்புறம் பத்து நாள் கடைக்கு நடக்க முடியாது. உரசாத கிண்ணத்துக்காக மறுவாழ்வு ஆஸ்பத்திரி நடத்தும் ஆராய்ச்சியில் சேர்ந்து, ஆறு மாதமாகப் புண் இல்லை. அதை நிறுத்துவதா என்று அரசின் ஆலோசனைக் குழு இன்று முடிவெடுக்கிறது. பொதுமக்கள் பேச மூன்று நிமிடம், அதுவும் கடைசியில்.

பேனாவை எடுத்தவள், தாளின் மூலையில் விரலை ஓட்டினாள். இரண்டு பொடித் துளைகள். பிரித்த தையலை இஸ்திரியில் மறைத்து எடுத்து வருபவர்களை அவள் தினம் பார்க்கிறாள். துளையை மட்டும் யாராலும் தேய்த்து அழிக்க முடிந்ததில்லை.

“சார், ஸ்டேப்ளர் பின் அடிச்சுப் பிரிச்ச தாளு இது. மத்தது எங்க?”

“வெறும் வருகைத் தாள்தாம்மா.”

“விடேன்” என்று முணுமுணுத்தான் கணவன். “கல்யாணத்தன்னிக்கே என் சட்டையோட உள்தையலைப் புரட்டிப் பாத்தவதானே நீ.”

“பாத்ததாலதான் அது இன்னும் கிழியலை.”

குமாஸ்தாவின் கை, மேஜையிலிருந்த நீலக் கோப்பு ஒன்றை அவசரமாக மூடியது. அந்த அவசரம் அவளுக்குப் போதுமாக இருந்தது.

“அதைக் காட்டுங்க சார். அப்புறம் போடறேன்.”

உள்ளேயிருந்து மணி அடித்தது. கையெழுத்தில்லாமல் அவர் உள்ளே போக முடியாது போலிருக்கிறது. வேண்டாவெறுப்பாகத் திறந்தார். மூலையில் அதே இரண்டு துளைகளோடு, இன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. கடைசி வரி தட்டச்சில் இருந்தது: ‘மாலை நான்கு மணிக்குப் பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது. ஆராய்ச்சியை நிறுத்த ஆட்சேபம் இல்லை.’

சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது.

“இது சும்மா மாதிரிக்கும்மா. அப்புறம் மாத்திடுவோம்.”

“மாதிரிக்குன்னா நாங்க சுலபமாப் பிரிக்கற மாதிரி கையால ஓட்டத்தையல்தான் போடுவோம் சார். மிஷின்ல அடிக்க மாட்டோம்.”

இரண்டு தாள்களையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தாள். வெட்டிய துணிகள் மாறிப்போகாமலிருக்க இரண்டின் மேலும் சேர்த்துச் சாக்குக்கட்டியால் கோடு போடுவாளே, அதேபோல் இரண்டு தாளிலும் ஓடும்படி எழுதினாள்: ‘ஆட்சேபம் இருக்கிறது. நான் இன்னும் பேசவில்லை.’ கையெழுத்தில் பாதி இதில் விழுந்தது, பாதி அதில்.

“இனிமே பிரிச்சா தெரியும்.”

குமாஸ்தா சிரிக்கவில்லை.

மதியம் கணவன், “சாப்பிடப் போலாமா?” என்றான்.

“நீங்க போய்ட்டு வாங்க” என்றாள், நீலக் கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல். “நாலு மணி வரைக்கும் நான் இங்கதான்.”