நாகூருக்கு என்று சொல்லி

நாகூருக்குப் போகிறவள் பையில் கம்பளிச் சட்டை எதற்கு? அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க எனக்கு இதுதான் கவலை. பாளையம்பட்டியில் பங்குனி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. உள்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சவூதி தமாமிலிருந்து என் புருஷன் கொண்டுவந்த இரண்டு கம்பளிச் சட்டைகளையும் தலையணை உறைக்குள் திணித்து, அதன்மேல் சேலைகளை அடுக்கினேன். மாமி வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். கடற்கரை ஊர், வேர்த்து ஊற்றும் என்று சொல்லித் தன் பனையோலை விசிறியை மேலே செருகிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் போக இருந்தது கொடைக்கானலுக்கு. எண்பத்தெட்டாம் வருஷம் அது. கல்யாணமாகி நாலு வருஷம். தமாமில் எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்த பாசித் வந்ததோ இரண்டே லீவு. சேர்ந்திருந்த நாளை எண்ணினால் நூறு தேறாது. அந்த நூறிலும் வீடு நிறைய ஆள். டேப் ரிக்கார்டரைப் பார்க்க வருகிறவர்கள், சென்ட் கேட்டு வருகிறவர்கள், விசா விசாரிக்க வருகிறவர்கள். நான் டீ ஆற்றிக் கொடுத்தே லீவு முடிந்துவிடும். தமாமில் அவருடைய அறையில் ஒரு காலண்டர் தொங்கியதாம். ஏரி, பனி, வெள்ளைக்காரன் கட்டிய கல்வீடு. அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு வருஷமாகத் திட்டம் போட்டிருந்தார். எந்த பஸ், எங்கே தங்குவது, எந்தத் தெருவில் பழைய பங்களாக்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார். சனி, ஞாயிறு, திங்கள் சாயங்காலம் வீடு. அந்தக் கடிதங்களை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தவள் நான்.

அம்மாவிடம் நேராகவே சொல்லிவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். பொய் என்னுடையது. புருஷனோடு இரண்டு நாள் தனியாக இருக்க ஆசை என்று மாமியார் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குமே என்று பயந்தேன். "நாகூர் தர்காவுக்கு நேந்திருக்கோம்னு சொல்லுங்க மச்சான்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பேரப்பிள்ளை வேண்டித்தான் போகிறோம் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தார்.

அன்று சாயங்காலம் வெள்ளைத்தாய் வந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருப்பவள், பருத்தி எடுக்கக் கூலிக்குப் போகிறவள். இடுப்பில் மகள் அழகுத்தாய். நாலு வயசு. ஒரு வயசில் வந்த காய்ச்சலில் இடதுகால் சூம்பிப்போனது. வெள்ளைத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். விரல் நீளத்தில் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கால். ஐந்து விரல்களையும் ஆசாரி தனித்தனியாகக் கீறியிருந்தார்.

"இவ கொலுச அழிச்சுத்தான் தாயி செஞ்சேன். போட முடியாத கொலுசு பொட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப் போகுது? நாகூர் எசமான் காலடியில போட்டுரு. போடும்போது அழகுத்தாய்னு பேரச் சொல்லிப் போடு. வேற பிள்ளைக்குப் போயிரக்கூடாது."

அப்போதே ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். உடம்பு சரியில்லை, பயணம் இல்லை என்றால் முடிந்தது. பொய் சொல்லத் தெரியாதவளா நான்? ஆனால் மனசு அதற்குள் பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டது. சரிக்கா என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மதுரையில் இறங்கியதும் அவரிடம் காட்டினேன். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றி என் கையில் வைத்தார். லீவில் இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. "நாகூருக்கே போயிருவோமா? நீ சொல்றதுதான்" என்றார். கொடைக்கானல் பஸ் எதிரிலேயே நின்றது. அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படி இல்லை. முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தவள் நான்.

அங்கே சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இருந்தேன். வாழ்க்கையில் அப்படி இருந்ததே இல்லை. லாட்ஜில் பையைத் திறந்ததும் மாமியின் விசிறி முதலில் விழுந்தது. அந்தக் குளிரில் அவர் அதை எடுத்து எனக்கு வீச, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஏரியைச் சுற்றி நடந்தோம். பழைய கல்வீடுகளின் வாசலில் வெட்டியிருந்த வருஷங்களை அவர் வாசித்து, அப்போது நம்ம பாட்டன்மார் எங்கே இருந்தார்களோ என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளில் கைப்பைக்குள் ஒரு கால் கிடப்பது ஒருதரம்கூட என் நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது இதுதான். நினைத்து வருத்தப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பி வரும்போது மதுரையில் சீப்பை எடுக்கக் கையை விட்டேன். தகட்டு முனை விரலில் குத்தியது. எடுத்துக் காட்டினேன். அவர் முகமும் செத்துப்போனது. அடுத்த லீவில் கட்டாயம் போட்டுவிடலாம் என்றார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு மளிகைக் கடையில் கால்கிலோ சீனி வாங்கினார். தர்காவில் ஓதித் தருகிற சீனி மாதிரியே, பச்சைத்தாள் ஒன்று வாங்கி அதில் மடித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

நாங்கள் வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வெள்ளைத்தாய் வந்துவிட்டாள். தலைமுடியில் பருத்திப் பஞ்சு ஒட்டியிருந்தது. காட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள். மகளைத் தரையில் உட்காரவைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பேரச் சொன்னியா தாயி?"

"சொன்னேங்க்கா."

பச்சைப் பொட்டலத்தை முந்தானையில் ஏந்தி வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமிக்குக் கொஞ்சம் கொடுத்தாள், மாமியும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிஸ்மி சொல்லி வாயில் போட்டார். பாசித் மட்டும் கிணற்றடிக்குப் போய்விட்டார். வெள்ளைத்தாய் மகளின் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தாள். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாயத் தொற. மூணு நாளா ஒனக்காகவும்தான் கும்புட்டேன். எம்பிள்ளைக்கு ஒரு காலு, ஒனக்கு ஒரு பிள்ளை. அம்புட்டுத்தான் கேட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். காய்த்துப்போன அவள் விரல் என் உதட்டில் பட்டது. சீனி கரைந்தது. கைப்பை இன்னும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டேன்.

கீழேயிருந்து அழகுத்தாய் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங் காலு அங்கதான இருக்கு?"

வாயில் சீனியோடு தலையை ஆட்டினேன்.

அது போதும் அவளுக்கு. பாவாடையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டாள். உள்ளங்கைச் சீனியில் பாதியை நக்கினாள். மீதியை, கோயில் திருநீற்றைப் பூசுகிற மாதிரி, சூம்பிய கெண்டைக்காலில் மேலிருந்து கீழாகக் கவனமாகத் தேய்த்தாள். காய்ந்த தோலில் அது ஒட்டவில்லை. உதிர்ந்து தரையில் விழுந்ததை விரலால் ஒற்றி எடுத்து மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.