உறுமக் கூடாத வீடு

நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வாசலில் நிறுத்தி, பின் கதவைத் திறந்து, ஒரு நாயை இறக்கினாள். கேட்டுவிட்டுச் செய்தாளா? இல்லை. அவளுடைய அண்ணனுக்குத் தெரியும். அவள் தோழிகளுக்குத் தெரியும். கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது அந்த வீட்டில் இருந்த இருவருக்குத்தான். ஒருத்தி, அந்த வீட்டைக் கூட்டித் துடைத்து வீடாக வைத்திருக்கும் அண்ணி. இன்னொருவன் முதலாளி.

முதலாளி என்பது அவள் வளர்த்த நாய். குட்டியாக வந்த அன்றே கூடத்தில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எல்லாரையும் மேலும் கீழும் பார்த்தான். அதனால் அந்தப் பெயர். இப்போது முகவாய் நரைத்து, ஏறும்போது பின்னங்கால் கொஞ்சம் யோசிக்கிறது. பெயர் மட்டும் குறையவில்லை.

"அண்ணி, இனிமே முதலாளிக்குத் துணை வந்தாச்சு" என்றாள் நாத்தனார்.

"துணை வேணும்னு அவன் உங்கிட்ட வந்து கேட்டானா?"

சற்றுச் சத்தமாகத்தான் கேட்டுவிட்டாள். உடனே கணவரின் ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது.

அந்த விரலை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கணவருக்கு ஒலிப்புத்தகங்கள் வாசிக்கும் வேலை. கதை, வரலாறு, சமையல், யோகா, எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். நல்ல குரல், அதை மறுக்க முடியாது. உள்ளறையின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கதவில் கம்பளம் தொங்கவிட்டு, அதைப் பதிவு அறை ஆக்கியிருந்தார். ஆனால் பஞ்சும் கம்பளமும் தடுக்காத சத்தத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் தடுக்க வேண்டும். குக்கர் விசில் கூடாது. மிக்ஸி ஓட வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தும்மல் வந்தால் துண்டு. அவள் திரைச்சீலை தைப்பவள். தையல் மெஷின் ஓடினால் தன் மைக்கில் ரயில் ஓடுகிறது என்றார். மெஷின் வீட்டைவிட்டுப் போனது. கடைத்தெருக் கோடியில், ஒரு துணிக்கடையின் பின்கட்டில் வாடகைக்கு மூலை பிடித்துத் தைக்கிறாள். தன் வீட்டில் தன் மெஷினுக்கு இடமில்லை என்பதை அன்றைக்கு மென்று விழுங்கினாள். இன்னும் செரிக்கவில்லை.

முதலாளியையும் அந்த விரல் விடவில்லை. குட்டியாக இருந்தபோது அவன் அழைப்பு மணியைப் பார்த்து உறுமுவான், குடையைப் பார்த்து உறுமுவான், தன் வாலையே பார்த்து உறுமுவான். ஒவ்வொரு முறையும் மூக்குக்கு நேரே விரல் வரும். "ஷ்." அதற்கும் அடங்காவிட்டால் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். நாளாக ஆக உறுமல் ஒடுங்கியது. பிறகு அறவே நின்றது. கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க முதலாளி உறுமவே மாட்டான், வேணும்னா சீண்டிப் பாருங்க" என்று விருந்தாளிகளிடம் காட்டுவார். அவர்களும் வெட்கமில்லாமல் சீண்டுவார்கள். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். எல்லாரும் கைதட்டுவார்கள், அதையும் சத்தம் வராமல்.

புதிதாக வந்ததற்கு ஒரு பெயர்கூட யோசிக்கவில்லை, 'புதுசு' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே ஒட்டிக்கொண்டது. ஒட்டிய வயிறு, கழுத்தைச் சுற்றி எப்போதோ கயிறு அறுத்த தழும்பு. யாராவது கையைத் தூக்கினால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். அதன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பாவம், அதையும் ஒருவரும் கேட்கவில்லையே. கோபமெல்லாம் அதைக் கொண்டுவந்து சேர்த்த விதத்தின் மேல். நேரே வாசல் வழியாக உள்ளே இழுத்து வந்து, முதலாளியின் மெத்தையிலேயே உட்கார வைத்து, "ஹலோ சொல்லுடா" என்றாள் நாத்தனார்.

"இப்படிச் செய்யக் கூடாது" என்றாள் இவள். "ரெண்டையும் முதல்ல வெளியில ஒரு பொது இடத்துல பாத்துக்க விடணும். தூரத்துல நடக்க விட்டு, பழக விட்டு, அப்புறம்தான் வீடு. தட்டு தனி, படுக்கை தனி. நீங்க வாசிச்ச நாய் புத்தகத்துல அப்படித்தானே இருந்தது?"

உண்மையில் இருந்தது. நாய் வளர்ப்பு பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துக் கொடுத்திருந்தார். இரண்டாவது நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்று அதில் ஒரு அத்தியாயமே உண்டு.

"எனக்கே சொல்றியா?" என்று சிரித்தார் அவர். "அதை வாசிச்சவனே நான்தான்."

"வாசிச்சது நீங்க. கேட்டது நான்."

அதுதான் நிஜம். தைக்கும்போது அவள் காதில் அவர் குரல்தான் ஓடும். வீட்டில் கேட்டதைவிட அந்த மூலையில்தான் கணவரின் குரலை அவள் அதிகம் கேட்டிருக்கிறாள். வாசிக்கும் அவருக்கோ வாயோடு சரி, ஒரு வரியும் உள்ளே இறங்குவதில்லை. வரலாறு வாசித்தாலும் அப்படித்தான், யோகா வாசித்தாலும் அப்படித்தான்.

அடுத்து வந்த நாட்களில் புதுசு முதலாளியின் நிழலாகவே ஆகிப்போனது. அவன் படுத்தால் மேலே ஏறிப் படுக்கும். தண்ணீர் குடித்தால் தலையை நுழைக்கும். தெருவில் தனியாக வளர்ந்ததற்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? முதலாளி முகத்தைத் திருப்பினான், உதட்டை நக்கினான், எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் சுருண்டு படுத்தான். புதுசு அங்கேயும் போனது. தினமும் மாலையில் வந்துவிடும் நாத்தனார் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள்.

"எவ்ளோ அழகா ஒத்துப்போறாங்க பாருங்க அண்ணி."

"ஒத்துப்போகலை, ஒதுங்கிப்போறான். கண்ணைப் பாரு."

"நீங்க எல்லாத்தையும் பெருசு பண்றீங்க."

பெரிதுபடுத்துகிறாளாம். ஒரு ஜீவன் தன் வீட்டில் மூச்சுவிட இடம் தேடி மூலை மூலையாக அலைகிறது, அதைப் பார்த்துப் பூரித்துப்போக ஒரு கூட்டம்.

கடைசியில் நடக்க வேண்டியது நடந்தது. சேர்ந்து சாப்பிட்டால் பாசம் வரும் என்று நாத்தனார் இரண்டு தட்டையும் அருகருகே வைத்தாள். உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவளுக்கு, முதலாளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு விறைத்து நிற்பது தெரிந்தது. புதுசு தன் தட்டை விட்டுவிட்டு அவன் தட்டில் தலையை வைத்திருந்தது. முதலாளியின் மேலுதடு தூக்கி, பல் தெரிந்தது. தொண்டையில் சத்தம் இல்லை.

"தட்டை எடு" என்று அவள் ஓடி வருவதற்குள் புதுசின் காது கிழிந்துவிட்டது. புதுசு போட்ட கூச்சலில் பஞ்சுச் சுவரெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை.

கால்நடை மருத்துவர் காதில் தையல் போட்டுக்கொண்டே கேட்டார். "கடிக்கறதுக்கு முன்னாடி உறுமலையா? சாதாரணமா முதல்ல உறுமி எச்சரிக்குமே."

"எங்க நாய் உறுமவே உறுமாது டாக்டர்" என்றார் கணவர், அந்த நிலையிலும் அதே பெருமையோடு. "சின்ன வயசுலேருந்தே அப்படிப் பழக்கியிருக்கோம்."

மருத்துவர் ஊசியை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தார். அந்தப் பார்வை உறைக்க வேண்டியவருக்கு உறைக்கவில்லை, பக்கத்தில் நின்ற இவளுக்குத்தான் உறைத்தது. இத்தனை வருடமும் அவளும் சேர்ந்துதானே அந்தக் குளியலறைக் கதவைச் சாத்தியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு தயாராக இருந்தது. நாத்தனாருக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு இருக்கிறதாம். காவலுக்கு நாய் வேண்டுமாம். முதலாளியைச் சங்கிலியோடு அங்கே அனுப்பிவிடலாமாம்.

"புதுசை எப்படித் திருப்பி அனுப்பறது அண்ணி? ஒரு தடவை கைவிட்டதை மறுபடி கைவிட்டா அது மனசு உடைஞ்சிடும். முதலாளி எங்க போனாலும் பழகிடுவான். அவன்தான் சாது ஆச்சே."

"சாதுன்னா கிடங்குல சங்கிலியில கட்டலாம், அப்படித்தானே?"

"எச்சரிக்காம கடிக்கிற நாயை வீட்ல வச்சுக்கக் கூடாது. அதான் விதி."

"எச்சரிக்க விட்டீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "வாயைக் கட்டி வச்சது யாரு? அவன் 'தள்ளிப் போ'ன்னு சொல்ல இருந்தது அந்த ஒரு சத்தம்தான். அதைப் பிடுங்கிட்டு, ஏன் சொல்லலைன்னு கேக்கறீங்க. உறுமினா திட்டாதீங்கன்னு இந்த வீட்டுக்காரரே வாசிச்சிருக்காரு. திட்டினா சத்தம்தான் நிக்கும், கோபம் நிக்காதுன்னு வாசிச்சிருக்காரு. எத்தனை பேரு காசு குடுத்து அதைக் கேட்டாங்களோ தெரியாது. அவருக்கு மட்டும் கேக்கலை."

விரல் எழுந்தது. "மெதுவா. பக்கத்து வீட்ல—"

"கேக்கட்டும்."

அவர் பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. தையல் காய்ந்ததும் காரோடு வருவதாகச் சொல்லிவிட்டு நாத்தனார் போனாள். அதுவரை இரண்டையும் தனித்தனி அறையில் வைத்தார்கள். முதலாளி கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல் தண்டனை அனுபவிப்பவனின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

நாத்தனார் வருவதாகச் சொன்ன காலையில் அவள் முந்திக்கொண்டாள். இரண்டு கயிறுகளையும் எடுத்துவந்து, புதுசின் கயிற்றைக் கணவர் கையில் திணித்தாள்.

"கிளம்புங்க. ஒரு தடவையாவது ஒழுங்கா செஞ்சு பாக்கணும். அதுக்கப்புறம் பேசலாம்."

"இப்பவா? எனக்கு ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கு."

"இவனுக்கு ஒரு வாழ்க்கை பாக்கி இருக்கு."

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் உண்டு. அங்கே அவள் முதலாளியோடு ஒரு ஓரத்தில் நடந்தாள், அவர் புதுசோடு மறு ஓரத்தில் நடந்தார். யாருடைய வீடும் இல்லை, யாருடைய தட்டும் இல்லை. வளைந்து வளைந்து நடந்து இடைவெளியைக் குறைத்தார்கள். முதலாளியின் வால் தளர்ந்தது. ஒரு முறை புதுசு மோந்த இடத்தை அவனும் போய் மோந்து பார்த்தான். இவ்வளவு சுலபமான காரியத்தைச் செய்யாமல் விட்டார்களே என்று அவளுக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. அதற்குள், பூட்டிய வீட்டைப் பார்த்துத் தேடி வந்த நாத்தனாரும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

அவளைக் கண்ட குஷியில் புதுசு கயிற்றை இழுத்துத் துள்ளியது. துள்ளிய வேகத்தில் நேராக முதலாளியின் முகத்தில் போய் மோதி, கழுத்தில் முன்னங்காலைப் போட்டது. முதலாளி விறைத்தான். உதடு தூக்கியது. சத்தம் வரவில்லை. அவள் கயிற்றை இறுக்கப் பிடித்தாள். அப்போதுதான் அவன் கண் போன திசையைக் கவனித்தாள்.

அவன் புதுசைப் பார்க்கவில்லை.

"அவன் எங்க பாக்கறான்னு பாருங்க" என்றாள் கணவரிடம்.

அவர் பார்த்தார். முதலாளி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் விரல் உயர்ந்திருந்தது. எப்போது உயர்ந்தது என்று அவருக்கே தெரியாது. அவர் நாயைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், மறுபடி நாயைப் பார்த்தார். மெல்ல விரலை மடக்கி, கயிற்றோடு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகும் முதலாளி கொஞ்ச நேரம் காத்திருந்தான். நம்பிக்கை வர வேண்டாமா? பிறகு, வெகுநாள் தண்ணீர் வராத குழாயைத் திறந்ததுபோல, தொண்டையில் ஏதோ கரகரத்தது. அறுந்து அறுந்து வந்தது. பிறகு சேர்ந்து வந்தது.

புதுசு காலை எடுத்தது. முகத்தைத் திருப்பியது. இரண்டடி பின்னால் போய்ப் புல்லை மோந்தது.

அவ்வளவுதான். இந்த ஒரு சத்தத்துக்குத்தான் ஒரு காது கிழிய வேண்டியிருந்தது. இந்த ஒரு சத்தத்துக்குத்தான் வளர்த்த பிள்ளையைச் சங்கிலியில் கட்டி அனுப்பப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்தது. அதுவும் கோபத்தில்தான்.

"பாத்தியா அண்ணா, இப்ப உறுமவும் ஆரம்பிச்சிட்டான்" என்றாள் நாத்தனார். "இதுக்கு மேல வச்சிருக்கறது ஆபத்து. வண்டியில ஏத்திடலாம். புதுசை எங்கிட்ட குடுத்துட்டு அவனைப் பிடி."

"அவன் எந்த வண்டியிலயும் ஏற மாட்டான்" என்றாள் இவள். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும்.

"அண்ணா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?" நாத்தனார் கையை நீட்டினாள். "கயித்தையாவது குடு."

அவர் அசையவில்லை. முதலாளியின் தொண்டையில் அந்தச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணும் அவரை விட்டு நகரவில்லை.

"நீ கிளம்பு" என்றார், குரலே எழும்பாமல். "இப்ப நான் கையை வெளியில எடுத்தா, இவன் நிறுத்திடுவான்."