எரியாத ஒன்றின் சூடு

"ஏண்டி, இவ்வளவா ஊத்துவே?" குல்ஷாரா அத்தை மெருயெர்த்தின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "கிண்ணத்தோட அடி மறையுற அளவு போதும். குடிக்கக் குடிக்க ஊத்தணும். நிறைச்சுக் கொடுத்தா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம். துக்கத்துக்கு வந்தவங்கள விரட்டுவியா?"

மெருயெர்த் தேநீரைக் குறைத்தாள். பக்கத்து அறையில் அப்பா கிடந்தார். மாரடைப்பு. அல்மாட்டிக் குளிர் உள்ளே வரட்டும் என்று அங்கே ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தாலே வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்ட மனிதர், இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

மதியத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் எடுத்துப்போவார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே பேசப்போகிறவர் அப்பா வேலை பார்த்த வானியல் நிலையத்தின் இயக்குநர் கென்ஷெபெக். எந்தச் சாவுக்கும் கையோடு ஒரு பேச்சைக் கொண்டுவருகிறவர். ஒத்திகையைத் தேநீர் விரிப்பில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம ஓரின்பாய் தேடினது தோத்துப்போன நட்சத்திரங்கள. பழுப்புக் குள்ளன்னு பேரு. நட்சத்திரமாகணும்னு ஆசை, எடை பத்தல, பத்திக்கவே இல்ல. பாவம், தேடினவரும் கிட்டத்தட்ட அப்படித்தான்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் பொரித்த ரொட்டியை மென்றபடியே கொட்டினார்.

மெருயெர்த்துக்குக் காது சுட்டது. வானம் முழுவதையும் அகச்சிவப்பில் எடுத்த படங்கள். அதே இடத்தைச் சில வருடம் கழித்து மறுபடி எடுத்தவை. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மங்கல் புள்ளி நகர்ந்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். பெரும்பாலும் அது படத்தின் கோளாறு. ஒருமுறை கோளாறு இல்லை.

"ஐயா, அங்க 'தோத்துப்போன'ங்கற வார்த்தை வேண்டாம். அப்பாவுக்கு அது ஆகாது."

"அறிவியல்ல அப்படித்தாம்மா சொல்றாங்க."

"நீங்க சொல்றீங்க. அது எதுலயும் தோக்கல. எரியல, அவ்வளவுதான். உள்ள சூடு இருக்கு. அப்பா கண்டுபிடிச்சதுல இந்த டீ அளவு சூடு. அத்தனை தூரத்துலேர்ந்து அதை முதல்ல பார்த்தது அவர்தான். தோத்துட்டாருன்னு சொல்லியா மண்ணு போடப்போறீங்க?"

"கோவத்துல இருக்கே பாப்பா." அவர் சிரித்தார். "கல்லறையில இந்த உவமைய எப்படி முடிக்கறேன்னு கேட்டுட்டு வந்து சொல்லுவாங்க பாரு. ஒருத்தர் பாக்கியில்லாம அழுவாங்க." கிண்ணத்தை நீட்டினார்.

மெருயெர்த் ஊற்றினாள். அடி மறைந்தது. பாதி ஆனது. அவள் நிறுத்தவில்லை. விளிம்பில் தேநீர் மேடுகட்டி நின்றதும் இரண்டு கைகளாலும் அவர் முன் வைத்தாள்.

மெல்லும் சத்தம் நின்றது.

அத்தை கிண்ணத்தைப் பார்த்தாள். 'வெளிச்சமே இல்லாத நட்சத்திரம் எதுக்குடா உனக்கு?' என்று தம்பியை ஆயுள் முழுக்கக் குடைந்தவள் அவள். மெருயெர்த் திட்டுக்குக் காத்திருந்தாள். அத்தை முழங்காலைப் பிடித்து எழுந்து, வாசல் ஆணியிலிருந்து இயக்குநரின் நரித்தோல் தொப்பியை எடுத்து வந்தாள். முடியை நீவி நீட்டினாள்.

"வெளிய குளிரு தம்பி. காதை மூடிக்கிட்டுப் போங்க."

அவர் போனார்.

கிண்ணத்தை யாரும் தொடவில்லை. ஆண்கள் அப்பாவைத் தூக்க எழுந்தபோது அதில் ஆவி அடங்கியிருந்தது. மெருயெர்த் உள்ளங்கையைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது.