முன்கண்ணாடிக் கணக்கு

அந்த ஊரில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், தெருவில் நின்ற எல்லா வண்டிகளின் முன்கண்ணாடியிலும் பனி இறங்கி, அந்த வண்டியைப் பதிவு செய்ய யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கை எழுதி வைத்திருந்தது. கையெழுத்து திருத்தமாக இருந்தது. சாலை வரி இவ்வளவு, நம்பர் பலகைக்கு இவ்வளவு, புரோக்கருக்கு இவ்வளவு, புரோக்கர் யார் கையில் கொடுத்தானோ அவருக்கு இவ்வளவு என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, அடியில் கோடு இழுத்துக் கூட்டியும் காட்டியிருந்தது. அது நல்ல கோடை. பனி பெய்கிற மாதமே இல்லை. துடைத்தால் துணிதான் நனைந்தது, எழுத்து அப்படியே நின்றது. வெயில் ஏறியதும் தானாக மறைந்து, மறுநாள் விடியலில் திரும்ப வந்தது. ஸ்கூட்டர்களுக்கு முன்கண்ணாடி இல்லை என்பதால் வேகம் காட்டும் வட்டக் கண்ணாடியில் பொடி எழுத்தில் வந்தது. முதல் வாரம் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரம் காய்கறி விலையோடு சேர்த்து அதையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இதெல்லாம் பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த மனுவால் வந்த வினை என்று சொல்பவர்கள் உண்டு. பெயிண்ட் கடைக்காரரும் லிஃப்ட் மெக்கானிக்கும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் கடைக்காரர், தங்கையைக் கட்டியவர் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்தே கடைக்காரருக்கு ஒரே வியாதி: சகலை வீட்டுக்கு என்ன வருகிறதோ அதில் ஒரு படி பெரியது தன் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அங்கே ஃப்ரிட்ஜ் வந்தால் இங்கே ஒரு கதவு கூடுதலாக வைத்த ஃப்ரிட்ஜ் வந்தது. அங்கே சுவருக்கு வெள்ளை அடித்தால் இங்கே கடையில் இருந்ததிலேயே விலை கூடிய டப்பா உடைந்தது. கடைசியில் இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே மாதிரிக் கார் வாங்கும்படி ஆனது. சகலையும் வாங்குகிறார் என்று கடை வாசலில்தான் இவருக்குத் தெரிந்தது. வயிறு எரிந்தது. பெரிய வண்டி வாங்கக் கையில் பணம் இல்லை. இரண்டு பேரின் பேப்பர்களையும் ஒரே புரோக்கர்தான் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துப் போனான். அவனைச் சந்துக்குள் தனியாக இழுத்துப் போய்க் கடைக்காரர் ஏதோ சொன்னார், ஏதோ கொடுத்தார். சகலையின் நம்பருக்கு ஒன்று முந்திய நம்பர் இவருக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு ஒரு நாள் மெக்கானிக் பேச்சுவாக்கில், பதிவுக்குத் தனக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று சொன்னார். கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. சந்துக்குள் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தாலும் சகலைக்குக் குறைவாகத்தான் ஆகியிருந்தது. ரசீதில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். எது எதற்கு என்பது அலுவலகத்துச் சுவர்களுக்குத்தான் தெரியும். மறுநாளே கடையை அடைத்துவிட்டு, கையில் மனுவோடு கவுண்டரில் போய் நின்றார்.

“எது எதுக்கு எவ்வளவுன்னு செவுத்துல எழுதிப் போடுங்க மேடம். இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?”

கவுண்டரில் இருந்த அம்மாள் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “எழுதிப் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார்.”

“தெரியட்டுமே! நல்லாத் தெரியட்டும்!”

அந்த அம்மாள் மனுவில் முத்திரை குத்தி வாங்கி வைத்தார். அடுத்த திங்கட்கிழமை பனி இறங்கியது.

ஊர் தலைகீழானது. அதுவரை பெரிய வண்டி வைத்திருந்தவரைப் பார்த்துப் பொருமிய ஜனங்கள், இப்போது குறைவாகக் கட்டியவரைப் பார்த்துப் பொருமினார்கள். விடிவதற்குள் எழுந்து நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு தெருத் தெருவாகக் கண்ணாடி படித்தார்கள். நேரே போய் வரிசையில் நின்று கட்டிய ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடியில் மூன்றே வரிதான் இருந்தது. அந்தக் குற்றத்துக்காக அவரோடு பல பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் அலுவலகத்திலும் கட்டண விவரத்தைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். புரோக்கருக்குப் பிழைப்பு போனது. அவன் அசரவில்லை. அலுவலக வாசலிலேயே வண்டி மூடும் தார்ப்பாய் விற்கத் தொடங்கினான். அவனுக்கு முதல் போணி பெயிண்ட் கடைக்காரர்தான்.

ஏனென்றால் அவர் கண்ணாடியின் கடைசி வரி இப்படி இருந்தது: “சகலையை முந்தி நம்பர் வர.” பக்கத்தில் இருந்த தொகை மற்ற எல்லா வரிகளையும் விடப் பெரியது. மனைவி கண்ணில் அது பட்டால் குடும்பத்தில் தலை நிமிர முடியாது என்று அவருக்குத் தெரியும். காரை மூடிக் கட்டிவிட்டுக் கடைக்குப் பஸ்ஸில் போய் வந்தார். சகலை குடியிருந்த தெருப்பக்கமே போகவில்லை. இவர் போய் அவர் கண்ணாடியைப் படித்தால், அவரும் வந்து இவர் கண்ணாடியைப் படிப்பாரே என்ற பயம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். ஊரில் எல்லோருடைய எழுத்தும் வெயில் பட்டால் மறையும். தார்ப்பாய்க்கு அடியில் வெயில் ஏது? ஒரு நாள் பிற்பகலில் மனைவி காருக்குள் கிடந்த குடையை எடுக்கத் தார்ப்பாயைத் தூக்கினார். எழுத்து அன்றைக்கு எழுதியதுபோல் பளிச்சென்று இருந்தது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டார். “ஒரு தையல் மெஷின் கேட்டேன், கை நீளல. என் தங்கச்சி புருஷனை முந்துறதுக்கு மட்டும் காசு எங்கேருந்துங்க வந்துச்சு?”

“ஊர்ல எவன் கொடுக்கல? அவனும் கொடுத்திருப்பான்.”

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இந்த எழுத்து இருக்கிற வரைக்கும் நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்.”

மறுநாள் விடியலில் கடைக்காரர் சகலை வீட்டு வாசலில் நின்றார். அவர் கண்ணாடியிலும் அந்த வரி இருக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டு, கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தார். “அண்ணன் பேப்பரை முதலில் எடுக்கச் சொன்னது. கட்டணம் இல்லை.”

மெக்கானிக் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். “வாங்கண்ணே. என்ன அப்படிப் பாக்கறீங்க?”

“டயர்ல காத்து கம்மியா இருக்கு தம்பி,” என்றார் கடைக்காரர். காற்று சரியாகத்தான் இருந்தது. மெக்கானிக் பாவம், குனிந்து நான்கு டயரையும் அமுக்கிப் பார்த்தார்.

சும்மாவே வந்திருக்கக்கூடிய நம்பருக்குத்தான் இவர் சந்துக்குள் போய்ப் பணம் கொடுத்திருக்கிறார். பணம் போனதைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இந்த மனுஷனுக்குப் பொறாமையே இல்லையே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜென்றால் கடையில் போய்ப் பெரிதாக ஒன்று வாங்கலாம், இதை எந்தக் கடையில் வாங்குவது? அங்கிருந்து நேரே பதிவு அலுவலகத்துக்குப் போய், அந்த ஒரு வரியை மட்டும் அழித்துக் கொடுக்கும்படி கெஞ்சினார். “அந்தப் பணம் எங்க கைக்கு வரலையே சார், நாங்க எப்படி அழிக்கிறது?” என்றார் கவுண்டர் அம்மாள். “பதிவைப் புதுப்பிக்கும்போது புதுக் கணக்கு வரும். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க.”

பொறுத்தார். பிள்ளைகள் பள்ளி முடித்தார்கள், கல்லூரி முடித்தார்கள், ஒருத்தி வேலைக்கும் போனாள். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் மனைவி தங்கை வீட்டுக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கடைக்காரர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். வழி நெடுக அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது சகலையின் நம்பர், தன்னுடையதற்கு அடுத்த நம்பர். முந்துவதற்கு எத்தனையோ முறை இடம் கிடைத்தது. முந்தவில்லை. முந்தினால் மனைவி பார்ப்பார்.

ஒரே நாளில் பதிந்த வண்டிகளுக்கு ஒரே நாளில்தானே கெடு முடியும். புதுப்பிக்கிற அன்று கடைக்காரர் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் வந்து பின்னால் நின்றார். கவுண்டர் திறந்தபோது கடைக்காரர் திரும்பி, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “தம்பி, நீ முன்னாடி போ.”

“பரவாயில்லண்ணே, நீங்க போங்க.”

“போன்னா போடா!”

மெக்கானிக் சிரித்துக்கொண்டே முன்னால் போனார். நம்பர்கள் அன்று மாறவில்லை, மாறவும் மாறாது. ஆனாலும் அன்று இரவு கடைக்காரர் காரை மூடவில்லை. காலையில் மனைவி காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தார். பழைய கணக்கு போய்விட்டிருந்தது. புதுப்பிப்புக்கு இவ்வளவு, பதிவு அட்டைக்கு இவ்வளவு. அதற்கும் கீழே ஒரு வரி: “நாலு பேர் பார்க்கத் தம்பிக்கு வழி விட்டது.” எதிரில் ஒரு தொகை. ஒரு டம்ளர் காபி விலை இருக்கும்.

மனைவி இரண்டு தடவை படித்தார். கடைக்காரர் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்.

“கட்டணம் இல்லைன்னு வரலையே,” என்றார் மனைவி.

“வரல.”

“ஆனா நல்லாவே கொறைஞ்சிருக்கு.” டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். “குடிச்சுட்டு வண்டியை எடுங்க. போற வழியில அதையும் கட்டிட்டுப் போயிடலாம்.”

கவுண்டரில் அதே அம்மாள்தான், தலை நரைத்திருந்தது. கடைக்காரர் விஷயத்தைச் சொன்னதும், பின்னால் திரும்பிப் பலகையின் கடைசிப் பகுதியில் தேடி, அந்தக் கட்டணம் இருந்த இடத்தைப் பிடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்தார். அடுத்த முறை சில்லறையாகக் கொண்டு வரச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் வெளியே வந்தார். முன்சீட்டில் இருந்த மனைவி கழுத்தை எட்டி நீட்டி, பக்கத்தில் வெயில் படாத மர நிழலில் நின்ற வண்டியின் கண்ணாடியைப் படித்துக்கொண்டிருந்தார்.