அளவில் அகப்படாத பிள்ளை

பீலெஃபெல்ட் நகரத்தில் பிள்ளை வைத்தியர் ஒருவரின் தராசில் கம்சனா ஏறி நின்றபோது அது பூச்சியம் காட்டியது. தராசு பழுதாகிவிட்டது என்று நினைத்த தாதி தானே ஏறிப் பார்த்தார். அது ஒரு கிலோகூடக் குறைக்காமல் அவருடைய நிறையைக் காட்ட, முகம் சிவந்து இறங்கினார். பிறகு உயரம் பார்த்தார்கள். சுவரில் பூட்டியிருந்த அளவுகோலின் கட்டை பிள்ளையின் உச்சந்தலையில் வந்து முட்டியது, ஆனால் பக்கத்தில் இருக்கவேண்டிய இலக்கங்களைக் காணவில்லை. பிள்ளை விலகியதும் அவை திரும்பி வந்தன. வைத்தியர் வயதானவர், பலதும் கண்டவர். 'அளக்க முடியவில்லை, மற்றபடி சுகம்' என்று கணினியில் பதிந்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். கம்சனா காற்றில் மிதக்கிற பிள்ளை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வயது, நல்ல சாப்பாட்டுக்காரி, அவள் படியால் இறங்கினால் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

கதை பரவியதும் நகரத்துத் தமிழ்ச் சனம் ஆச்சரியப்பட்டது. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த ரஞ்சினி மட்டும் பொறாமைப்பட்டாள். அவளும் கம்சனாவின் தாய் றீற்றாவும் ஒரே ஆண்டில் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றவர்கள். சிநேகிதத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அட, அதுதானே வினை! யாருக்கு முதலில் பல் முளைத்தது, யார் முதலில் நடந்தது என்று தொட்டிலிலேயே தொடங்கிவிட்டாள் ரஞ்சினி. நகரத்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்குக் கணிதத்தில் என்ன புள்ளி என்று அறிய வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தேவையில்லை, அவளுக்கு ஒரு ரெலிபோன் எடுத்தால் போதும். அந்த வரிசையில் தன் மகன் கஜரூபன் எங்கே நிற்கிறான் என்பது அவளுக்கு நித்திரையிலும் தெரியும். ஒரு படி கீழே இறங்கினான் என்றால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஜேர்மன் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில், வசந்த காலத்தில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேள்விகளுக்கு விடை எழுதுகிற ஒரு பரீட்சை உண்டு. பள்ளிக்கூடம் எப்படிப் படிப்பிக்கிறது என்று பார்ப்பதற்காக அதை வைக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை தெளிவாகச் சொன்னார்: இதற்குப் புள்ளி இல்லை, தேர்ச்சி அறிக்கையில் சேராது, வீட்டில் தயவுசெய்து படிப்பிக்க வேண்டாம். எங்கள் சனத்திடம் போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்! கணக்கில் சேராத பரீட்சை என்று உலகத்தில் ஒன்று இருக்குமா? சேராது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்றால் கட்டாயம் சேரும் என்று ரஞ்சினி முடிவுகட்டினாள். அடுத்த வருடம் பிள்ளைகளைப் பிரிப்பார்கள், கெட்டிக்காரர் ஜிம்னாசியம் பள்ளிக்குப் போவார்கள், அதைத் தீர்மானிப்பது இந்தப் பரீட்சைதான், வெள்ளைக்காரர் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். மாரி முழுக்கக் கஜரூபன் ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் போகவில்லை. பனி விழுந்தபோது யன்னலால் பார்த்தான்.

ஒருநாள் மாடிப்படியில் கம்சனாவை மறித்து, "கஜன் வகுத்தல் எல்லாம் முடிச்சிட்டான், நீ எதிலையம்மா நிக்கிறாய்?" என்று கேட்டாள் ரஞ்சினி. பிள்ளை வீட்டுக்குப் போய் நகம் கடித்தது. பிறகு தாயிடம், தான் கஜனை விடக் குறைவா என்று கேட்டது. றீற்றா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், அதிகம் பேசமாட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போய்த் தனக்குத் தெரிந்த ஜேர்மனில், என் பிள்ளையை ஒருவரோடும் வைத்து அளக்க வேண்டாம் என்றாள். விலக்குக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, எல்லாரும் எழுதத்தான் வேண்டும் என்றார் தலைமை ஆசிரியை. றீற்றா தலையாட்டினாள். பரீட்சையன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு ஓல்டர்டிசன் மிருகப் பூங்காவுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் ஒரு எச்சரிக்கை அனுப்பியது, அதோடு விட்டது. தகப்பன் யோசப்புக்கே விசயம் ஞாயிறு பூசைக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

பெறுபேறு வந்தபோது கஜரூபன் ஆக உயர்ந்த படியில் நின்றான். ரஞ்சினி வடை சுட்டு, கேசரி கிண்டி, கட்டடம் முழுக்கக் கொடுத்தாள், றீற்றா வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். வென்றவள் தோற்றவள் வீட்டு மணியை அடிக்கிற சுகம் எப்படியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "நல்ல விசயம் அக்கா, கெட்டிக்காரன்," என்றாள் றீற்றா, முகம் நிறையச் சிரித்தபடி. ரஞ்சினி அந்த முகத்தில் ஒரு சின்ன வாட்டத்தைத் தேடு தேடென்று தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே கம்சனா கதிரையில் காலாட்டிக்கொண்டு வடை தின்றாள். மகன் முதலாவதாக வந்த அன்றைக்குத்தான் ரஞ்சினிக்கு வயிறு அப்படி எரிந்தது.

தராசு பூச்சியம் காட்டியது அதற்குச் சில கிழமைகள் கழித்துத்தான். அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் கம்சனா ஓடும்போது கடிகாரம் ஓடவில்லை. அவள் முதலாவதாகவும் வரவில்லை, கடைசியாகவும் வரவில்லை, ஆனால் வந்து சேர்ந்தாள், அதை எல்லாரும் பார்த்தார்கள். ஆசிரியை அவளுடைய கொப்பியில் புள்ளி போட்டால் மை காய்வதற்குள் மறைந்தது. ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் ஒரு மாமி கம்சனாவைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம், இவள் நிறத்தில் உன்னுடைய மூத்தவளை விட, என்று தொடங்கினார், மீதி வாக்கியம் வாயில் வரவில்லை, தண்ணீர் குடித்தும் வரவில்லை. சனம் பழகிவிட்டது. சப்பாத்துக் கடையில் அவளுக்குப் போட்டுப் பார்த்தே கொடுத்தார்கள், பஸ்ஸில் சிறுவர் கட்டணம் எடுத்தார்கள். நாலாம் வகுப்பில், பரிந்துரைப் படிவத்தில் எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்ற இடத்தை ஆசிரியை வெறுமையாக விட்டார். றீற்றா அதைக் கொண்டுபோய் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த பள்ளியில் கொடுத்தாள், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கஜரூபனுக்கு ஜிம்னாசியம் கிடைத்தது. ரஞ்சினி யாருக்கும் வடை சுடவில்லை. முந்துவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாத ஓட்டத்தில் முந்தி என்ன பயன்? எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு பிள்ளை இல்லை என்று பாத்திரங்களைப் போட்டு அடித்தாள்.

கடைசியில் தானும் அதையே செய்துபார்ப்பது என்று தீர்மானித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பொதுப்பரீட்சை நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும். டோர்ட்மண்டில் எழுதுகிற பிள்ளைக்கும் இங்கே எழுதுகிற பிள்ளைக்கும் ஒரே கேள்வி. கஜரூபன் போன வருடம் அதில் முதலிடம். அன்றைக்கு அவனை அனுப்பாமல், அதே மிருகப் பூங்காவுக்கு, றீற்றா போன அதே பஸ்ஸில் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளியலறைத் தராசில் ஏற்றினாள். முப்பத்தொரு கிலோ. ஏற்றி இறக்கி, காற்சட்டையைக் கழற்றி ஏற்றி, மறுநாளும் ஏற்றினாள். முப்பத்தொன்றுதான். பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தராசில் நின்றபடியே சொன்னான்:

"அம்மா, நீங்கள் என்னைப் பாக்கேக்குள்ளையும் கம்சனாவைத்தானே பாக்கிறியள்."

அவன் இறங்கித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான், பூட்டுகிற சத்தமும் கேட்டது. இதுவரை அவன் கதவைப் பூட்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட, பசிக்கவில்லை என்றான். மறுநாளும் அப்படியே. புள்ளியில் ஒன்று குறைந்தால் ரியூஷன் வைக்கலாம், பிள்ளையே குறைந்துபோனால் யாரிடம் போவது? ரஞ்சினி வெறுங்காலோடு படியிறங்கிப் போய் றீற்றாவின் கதவைத் தட்டினாள்.

"உண்மையைச் சொல்லு றீற்றா, அண்டைக்கு அங்க போய் என்ன செய்தனீ? நேத்திக்கடன் ஏதும் வைச்சனியோ?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. கரடி பாக்கப் போனனாங்கள். அவள் கரடியைப் பாத்தாள், நான் அவளைப் பாத்தன்."

"அவ்வளவுதானோ?"

"ஓம் அக்கா. வேற என்ன செய்யிறது? உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

ரஞ்சினி உள்ளே போகவில்லை. கரடிக்கூட்டுக்கு முன்னால் தான் என்ன செய்தாள் என்று படியேறும்போது யோசித்தாள். பரீட்சையில் என்ன கேட்டார்கள், யார் எழுதி முடித்தார்கள் என்று ரெலிபோனில் பார்த்துக்கொண்டு நின்றாள். கஜன் ஏதோ காட்டினான், ஓம் ஓம் என்றாள், என்ன காட்டினான் என்று தெரியாது. நினைக்க நினைக்க அழுகை வந்தது.

அன்றைக்குப் புட்டைக் கோப்பையில் போட்டு அவன் அறைக்கே கொண்டுபோனாள். கதவு திறக்கும்வரை வெளியில் நின்றாள், திறந்ததும் கட்டிலில் இருந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். சம்பலை ஒதுக்கி வைத்துக் கடைசியில் தின்றான். புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பனியில் சறுக்கி விழுந்தது, போன மாரி, என்றான். ரெலிபோன் அடித்தது. கஜனுக்குப் பரீட்சை எப்படி என்று கேட்கத்தான் ரஞ்சினியின் கூட்டாளி யாரோ எடுத்திருப்பாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு வந்த நாட்களிலும் அவள் அப்படி வந்து இருந்தாள். சில நாள் அவன் கதைத்தான், சில நாள் கதைக்கவில்லை.

புதிய பள்ளிக்கூடம் தொடங்கமுன் காற்சட்டை எடுக்க நகரத்துக்குப் போனார்கள். கடைக்காரி அவன் இடுப்பில் நாடாவைச் சுற்றினாள், உற்றுப் பார்த்தாள், நாடாவைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கத்திலும் இலக்கம் இருக்கவில்லை. கம்சனாவுக்குப் பிறகு இது அவளுக்கு இரண்டாவது தடவை, அதனால் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, போட்டுப் பார்க்கிற அறையைக் கையால் காட்டினாள். ரஞ்சினிக்கு நெஞ்சு நிறைந்த சந்தோசம் வந்தது, அதன் பின்னாலேயே பொறாமையும் வந்தது. இந்த முறை றீற்றா மேல் அல்ல. தன்னைச் சின்ன வயதில் தமக்கையோடு வைத்துப் பார்த்தார்கள், பெண்பார்க்க வந்தவர்கள் மேலும் கீழும் பார்த்தார்கள், அகதி விசாரணையில் எவ்வளவு துன்பப்பட்டாய் என்று அளந்து பார்த்தார்கள், ஜேர்மன் மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் விழுத்தினார்கள். ஒருவராவது, ஒரு நாளாவது, இவளை விடுங்கோ என்று சொல்லியிருக்கலாம்.

"ஏனம்மா அழுறியள்?" என்று கேட்டான் கஜரூபன், புதுக் காற்சட்டையோடு வெளியே வந்து.

"பொறாமை அப்பு," என்றாள் ரஞ்சினி.

"ஆரிலை?"

"உன்னிலைதான்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். காற்சட்டை அளவாக இருந்தது. காசைக் கட்டிவிட்டு இருவரும் ட்ராம் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.