உள்ளுக்குள்ளே போன எண்ணெய்

ஜீப் தெருமுனை திரும்பும்போதே மெக்கானிக்குக்குக் காது கூசியது. முதலில் ஒரு முனகல், வேகம் கூடியதும் மாவு மில் ஓடுவதுபோல் ஓர் உறுமல். ஓட்டி வருவது யாரென்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. தங்கை புருஷன்தான். தங்கை இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

ஊரில் மெக்கானிக்குக்கு "டாக்டர்" என்று பெயர். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாரென்றால் எந்த வண்டியின் வியாதியும் தெரிந்துவிடும். திறமை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதற்கு ரெண்டு மடங்கு தலைக்கனமும் இருந்தது.

தங்கை புருஷன் இறங்கி, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தாடி மண்டியிருந்தது.

"மச்சான், ரிப்பேர் பண்ண வேணாம். அன்னிக்கு எதனால நின்னுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் முன்னாடியே கொண்டு வந்திருந்தா அவ பொழச்சிருப்பாளான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தூக்கம் வரமாட்டேங்குது."

"அதுல என்னடா சந்தேகம்? உக்காரு அந்தப் பெஞ்சுல. ஒவ்வொண்ணா கழட்டிக் காட்டுறேன்."

முன்பெல்லாம் வாய் நிறைய "வாங்க மாப்ள" என்று கூப்பிட்ட மனுஷன்தான். அடக்கம் முடிந்த அன்றைக்கு, அத்தனை பேர் நடுவில், "சத்தம் வருதுன்னு தெரிஞ்சும் மூணு மாசம் ஓட்டியிருக்க. எந்தங்கச்சியக் கொன்னுட்டியேடா பாவி!" என்று சட்டையைப் பிடித்தார். அன்றோடு மரியாதை போயிற்று. அந்த மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை.

நடந்தது இதுதான். மழை பெய்த ஒரு மத்தியானம் தங்கைக்கு நெஞ்சுவலி. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு செங்குத்து மேடு ஏறியாக வேண்டும், முழுக்கச் சேறு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். அதற்கான குட்டி கியரைப் போடப் போட, அது துள்ளித் துள்ளி வெளியே வந்துவிட்டது. பாதி மேட்டில் வண்டி நின்றது. மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். மேட்டு உச்சிக்கு அவள் உயிரோடு போய்ச் சேரவில்லை.

மெக்கானிக் வண்டியை நாலு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலில் கேட்டார், சத்தமில்லை. கியரைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டதும் உறுமல் கிளம்பியது. அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரை ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே போனார். கியர்பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் வைத்தபோது காதுக்குள் சரளைக்கல்லைக் கொட்டியதுபோல் இருந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பலத்தைப் பங்கு போடும் பெட்டி அது.

'மாட்டினியா?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். எண்ணெய் வற்ற விட்டிருக்கிறான் படுபாவி!

இன்ஜினை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினார். மூன்று லிட்டருக்குப் பக்கமாக வரவேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் எண்ணெய்கூட வரவில்லை. வந்ததும் கரிக்கறுப்பு, உள்ளே இரும்புத் தூள் மினுமினுத்தது. ஆனால் பெட்டிக்கு வெளியே எங்கும் ஒழுகின தடம் இல்லை. சந்தேகம் வந்து, பக்கத்தில் கியர்பாக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் திருகைத் தளர்த்தினார். அதிலிருந்து குபுக்கென்று பாய்ந்த எண்ணெய் முழங்கை வரை நனைத்தது.

இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடுப்பு ஒன்றே ஒன்றுதான், ஓர் ஆயில் சீல். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் வளையம். அதை மாற்றியது யார்? ஐந்து மாதத்துக்கு முன்னால், இதே கொட்டகையில், இதே கை.

பெட்டியை இறக்கிப் பார்க்க ரெண்டு மணி நேரமானது. சீலின் உதடு, அதாவது அதன் மடிந்த விளிம்பு, இந்தப் பெட்டியின் எண்ணெயைப் பார்த்து இருக்கவேண்டும். இது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எண்ணெயைத் தடுக்க வேண்டியது, மூன்று மாதமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. எண்ணெயில்லாமல் பேரிங் தேய்ந்து, பல்லுக்குப் பல் சேராமல், கியர் துள்ளியிருக்கிறது.

சீல் மாற்றிய அன்றைக்குத் தங்கையும் புருஷனோடு கூட வந்திருந்தாள். "அண்ணே, கண்ணாடியப் போட்டுக்கிட்டு வேலையப் பாருண்ணே" என்றாள். "போடி இவளே, முப்பது வருஷக் கை! இதுக்குக் கண்ணு எதுக்கு?" என்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சீலைத் தட்டி உட்கார வைத்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பழமொழி சொன்னவன் இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.

சீல் கையில்தான் இருந்தது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. வண்டியும் கிழடு, பேரிங் வயசாகிப் போச்சு என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? அப்படி நினைத்தார், மறைக்க வேண்டாம். வண்டிக்கடியில் மல்லாந்தபடி கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டே கிடந்தார். பெஞ்சுக்குக் கீழே மாப்பிள்ளையின் செருப்புக் கால்கள் தெரிந்தன. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன்.

சீலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாப்பிள்ளை முன்னால் நின்றார்.

"மாப்ள..."

ரெண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"குத்தம் உங்க மேல இல்ல. நான் இதத் திருப்பிப் போட்டுட்டேன். எண்ணெ வெளிய ஒழுகல, உள்ளுக்குள்ளயே அந்தப் பக்கம் போயிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. எந்தங்கச்சிய நான்தான்... செருப்பக் கழட்டி அடிங்க மாப்ள."

மாப்பிள்ளை அடிக்கவில்லை. சீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தம் மூணாம் நாளே வந்துச்சு மச்சான். கொண்டு வரலாம்னுதான் சொன்னேன். அவதான் விடல. 'எங்க அண்ணன் வேலையில குத்தம் சொன்னா அது ரெண்டு நாளு சாப்பிடாது. ஓட்டுங்க, ஓட ஓட அமுங்கிடும்'னா."

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சட்டையப் பிடிச்சேனே, அன்னிக்கே இத சொல்லியிருக்கலாமே?"

"செத்துப் போனவ மேலயா பழியப் போடுறது?"

மாப்பிள்ளையே மறுபடி கேட்டார். "அவ பேச்சக் கேக்காம மூணாம் நாளே கொண்டு வந்திருந்தா, கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

ரெண்டு திருகைத் தளர்த்திப் பார்க்கும் வேலை. பத்து நிமிஷம். அது மெக்கானிக்குக்குத் தெரியும். தன்னையும் அவருக்குத் தெரியும்.

"வண்டியத் தொட்டே பாத்திருக்க மாட்டேன் மாப்ள. என் வேலையிலயா குத்தம் சொல்றீங்கன்னு கத்தி, வந்த வழியே அனுப்பியிருப்பேன்" என்றார். "அது அவளுக்குத் தெரியும்."

மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி, எண்ணெய்த் தரையென்றும் பாராமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.