அம்மணியின் கை என் பறியில்

அம்மணியைத் திருடி என்று சொன்னவள் நான்தான். ஏரியில், இடுப்பளவு தண்ணீரில், எட்டுப் பெண்கள் காதில் விழும்படி சொன்னேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் கட்டைவிரலைப் பற்றிக் கேட்டுவிட்டு, ஐயோ பாவம் என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

என் பெயர் பிலோமினா. ஊர் தோணிரேவு. வயது ஐம்பத்தாறு. வலையும் கிடையாது, படகும் கிடையாது. கையால் இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். ஏரியில் இறங்கி, ஒரே வரிசையாகக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவோம். உள்ளங்கைக்கு அடியில் இறால் துடிக்கும். உடனே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அதன் தலையைக் கவ்வ வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் போச்சு. கவ்வியதைப் பறியில் போடுவோம். பறி என்பது பனையோலைக் கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் கூடை தோளோரமாக மிதந்து வரும். வாயில் கயிறு இருப்பதால் ஏரிக்குள் யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் ஒருத்திதான் கயிற்றை எடுத்துவிட்டு வம்பளப்பேன் என்று எல்லோருக்கும் என்மேல் குறை.

வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. அடுத்தவள் பக்கம் உன் கை போகக்கூடாது. ஆனால் அவள் கையிலிருந்து தப்பி உன் கைக்குள் வந்தது உன்னுடையது. அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எனக்கு வலப்பக்கம் முப்பது வருஷமாக அம்மணிதான்.

வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஏதோ சுளுக்கு என்று நினைத்தேன். பிறகு அந்த இடம் புடைத்துக்கொண்டது. சோற்றுப்பானையை ஒரு கையால் இறக்க முடியவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை ரவிக்கைக் கொக்கியை மாட்ட என் மகள் ஜெஸ்ஸியைக் கூப்பிட வேண்டியிருந்தது. சின்னக் குழந்தை மாதிரி கையை விரித்துக்கொண்டு அவள் எதிரே நிற்பேன். வெட்கக்கேடு! அதற்குப் பயந்தே மற்ற நாளெல்லாம் நைட்டியிலேயே கிடந்தேன். கேட்டவர்களிடம், "வெயிலுக்கு இதான் சௌரியம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெளியே ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலுக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று ஊரே கேட்கும். தோணிரேவில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. பிலோமினா கை வைத்த இடத்தில் குஞ்சு கூடத் தப்பாது என்பார்கள். அந்தப் பேரை விட்டுவிட எனக்கு மனசில்லை.

இரண்டு தடவை ஊசி போட்டார்கள். சில மாதம் கேட்டது, மறுபடியும் வந்துவிட்டது. போன மாதம் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சின்ன வயசு, பொறுமையான பொண்ணு.

"இந்தச் சின்ன எலும்பு தேஞ்சுபோச்சும்மா. எலும்போட எலும்பு உரசுது. இதை எடுத்துட்டு, உங்க கையில இருந்தே ஒரு தசைநாரை எடுத்துச் சுருட்டி அந்த இடத்துல வைக்கணும்."

"அப்பறம்?"

"ஒன்றரை மாசம் கட்டு. மூணு மாசத்துக்குக் கஷ்டமான வேலை எதுவும் கூடாது. ஏரி, சேறெல்லாம் ஆறு மாசத்துக்கு வேண்டாம்."

"அப்பறம் பழையபடி எறா புடிக்கலாமா?"

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "வலி பெரும்பாலும் போயிடும். ஆனா அந்தக் கிள்ளிப் பிடிக்கிற பலம் இருக்கில்ல, அது பழையபடி வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "வலி போவும், புடி வராது. அதுக்கு எதுக்கு அறுத்துக்கணும்? இப்ப மட்டும் இன்னா கொறைஞ்சிப் போச்சு? என் பறி இன்னிக்கும் ரொம்புது, போய்ப் பாருங்க" என்று கத்திவிட்டேன். ஜெஸ்ஸி என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். துணைக்கு ஒருத்தர் கட்டாயம் இருக்க வேண்டும், வரவில்லை என்றால் முன்னாலேயே போனில் சொல்லிவிட வேண்டும் என்றார்.

வருகிற வழி முழுக்க ஜெஸ்ஸியிடம் அதையேதான் சொன்னேன். "கையி போயிருந்தா பறி கொறையணுமா இல்லியா? கொறையலையே!" பேச்சுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே அப்படித்தான் நம்பினேன். தண்ணீரில் இறங்கினால் கை மரத்துப்போகும், வலி தெரியாது. விரலிலிருந்து நழுவுவது தெரியத்தான் செய்தது. ஆனால் கரையேறிப் பார்த்தால் அம்மணியின் கூடை அளவுக்கு என் கூடையிலும் இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும் எனக்கு?

இப்படி இருக்கையில்தான், அந்தத் திங்கட்கிழமைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், என்னவோ காலில் குத்தியது என்று சட்டென்று நிமிர்ந்து திரும்பினேன். அம்மணியின் கை என் பறிக்குள் இருந்தது.

கயிற்றைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "அடித் திருடி! என் பறியிலயா கையி வெக்கிற? எத்தினி நாளா நடக்குது இது?"

வரிசை முழுக்க நிமிர்ந்தது. அம்மணி கையை வெளியே எடுத்தாள். வெறுங்கை. அதைப் பார்த்தபிறகாவது என் வாய் நின்றிருக்கக்கூடாதா? "கூடவே நின்னுக்கினு கழுத்தறுக்கிறியே! நீயெல்லாம் பொம்பளயா?" என்றும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கயிற்றைக் கடித்தபடியே வரிசையின் கடைசிக்கு நடந்துபோய்க் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜெஸ்ஸியிடம் பெருமையாகச் சொன்னேன். "பாத்தியா, அவ திருடியும் என் பறி ரொம்பிக்கிது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, வரலன்னு சொல்லிடு." ஜெஸ்ஸி கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல், "சொல்றேம்மா" என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் அம்மணியின் இடத்துக்கு ரோஸ்மேரி வந்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆன பெண். அன்று கரையேறிப் பார்த்தேன். பறியின் அடியில்தான் கொஞ்சம் இறால் கிடந்தது. பிடிப்பில்லாத நாள் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமையும் அப்படியே. மற்றவர்கள் கூடையெல்லாம் நிறைந்திருக்கிறது, எனக்கு மட்டும் என்ன வந்தது? வியாழக்கிழமை கரையில் சேலையைப் பிழிந்துகொண்டே ரோஸ்மேரி சிரித்தாள்.

"அக்கா, இனிமே நான் உன் பக்கத்துலதான். உங்கிட்ட இருந்து எறா சும்மா துள்ளித் துள்ளி வருது. நான் தேடவே வேணாம், வந்து கையில வுழுது!"

அந்தப் பெண் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் அப்போது உறைத்தது. என் கையிலிருந்து தப்பியதெல்லாம் பக்கத்துக் கைக்குப் போயிருக்கிறது. மூன்று நாளாக ரோஸ்மேரிக்கு. அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக அம்மணிக்கு. அப்படியானால் அம்மணியின் கூடை வழிந்திருக்க வேண்டும், என்னுடையது காய்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்ததே! அவள் கை என் பறிக்குள் எதற்கு வந்தது?

அடச்சீ, என் புத்தியே! அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் அம்மணி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரு என்று சொல்லவில்லை. நின்றேன்.

"எடுத்தியா, போட்டியா?" என்று கேட்டேன்.

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?"

"சொல்லு அம்மணி."

"போட்டேன்." நண்டுக் காலை ஒடித்துச் சட்டியில் போட்டாள். "உன் கையி புடிக்கிது, உட்ருது. புடிச்சது நீ. அது வந்து என் கையில வுழுந்தா நான் எப்பிடி துன்றது?"

"நம்ம சட்டப்படி அது உன்னுதுதான?"

"சட்டமெல்லாம் கையி நல்லா கீறவளுக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ சும்மா உட்ருவியா? எனக்கா பிச்ச போடுறன்னு ஊரையே கூட்டிருப்ப. முப்பது வருசமா உன் வாய எனக்குத் தெரியாதா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "தெரியாம சொல்லிட்டேன் அம்மணி. மனசுல வெச்சுக்காத."

அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "வூட்டாண்ட வந்து குசுகுசுன்னு சொல்ற. திருடின்னு சொன்னியே, அத்த குசுகுசுன்னா சொன்ன? எம் மருமவ காதுக்கு வந்துட்சிடி. நேத்து அவ பீரோவப் பூட்டிட்டு சாவிய எடுத்துக்கினு போறா."

சாவியைப் பற்றிக் கேட்டபிறகு அங்கே நிற்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வரும்போதே தெரிந்துவிட்டது. வரிசைக்கு எதிரில்தான் சொல்ல வேண்டும். அம்மணி திருடவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் போட்டாள் என்று கேட்பார்கள். என் கையைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு வரிசையில் நிற்பது? அறுத்துக்கொண்டால் ஏரி எனக்கு இல்லாமலே போகலாம். அறுத்துக்கொள்ளாவிட்டால் காலத்துக்கும் பக்கத்தில் இருப்பவள் போடுவதைத் தின்ன வேண்டும். இரண்டு வருஷமாக அதைத்தான் தின்றிருக்கிறேன். தின்றுவிட்டுத்தான் டாக்டரம்மாவிடம் என் பறி நிறைகிறது என்று சவடால் அடித்திருக்கிறேன்.

ஜெஸ்ஸி வேலை முடிந்து வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டியா?" என்றேன்.

"இல்லம்மா. மறந்துட்டேன். திட்டாத, நாளைக்குப் பண்ணிடறேன்."

"பண்ணாத. நான் போறேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு லீவு கெடைக்காதேம்மா. கூட யாரு இருப்பாங்க?"

"யாரும் தேவையில்ல. நர்சுங்க கீறாங்க இல்ல?" என்றேன். அப்போதும் பாருங்கள், வாய் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கரையில் பறிக்கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் மூத்தவள் முத்தம்மாள், "எறங்கலாமா?" என்றாள். இரு என்றேன். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்னொரு சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"அம்மணி திருடல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன். "அம்மணி திருடல. அவ புடிச்சத எனக்குப் போட்டா. ரெண்டு வருசமா போட்டுக்கினு கீறா. ஏன்னா என் கையி போச்சு." வலது கையை நீட்டினேன். கட்டைவிரல் அடியில் புடைத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ரோஸ்மேரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவள் ஏன் குனிய வேண்டும்? "ஒரு எறாவ இறுக்கிப் புடிக்க முடியல என்னால. அத்த மறைக்கத்தான் இவ்ளோ ஆட்டம் ஆடினேன். திங்கக்கிழம ஆபரேசன். அப்பறம் இந்தக் கையி ஏரிக்கு ஒதவுமான்னு டாக்டருக்கே தெரியாது."

முத்தம்மாள் என் கையைத் தொட்டுப் பார்க்க வந்தாள். நான் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அம்மணிதான் பேசினாள். "கைக்குச் சரி. என்னைத் திருடின்னு சொன்ன வாய்க்கு எந்த ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்றாங்கன்னு கேட்டியா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துத் தீர்த்துவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அம்மணி சிரிக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்புதான் அம்மணி" என்றேன். "நாறவாய். மன்னிச்சுக்கோ." ஐம்பத்தாறு வயதில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

"ம்" என்றாள். பறியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு யோக்கியதையும் இல்லை. முழங்காலளவு போனவள் வாயிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஜெஸ்ஸிக்கு லீவு குடுக்க மாட்டானுங்களே. திங்கக்கிழம எத்தினி மணிக்குப் பஸ்ஸு?"

"ஆறே முக்காலுக்கு" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.